நான் இடிக்கச் சொன்ன சுவர்

கூட்டாளி,

இன்று காலையில் சுவருக்கு நேர் பார்க்கத் தூக்குக்குண்டைக் கையில் எடுத்தேன். அதே பழைய பித்தளைக் குண்டுதான், நூல் மட்டும் புதிது. நூலை இறக்கிவிட்டு, குண்டு ஆடி அடங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றபோது உன் நினைவு வந்து வேலையைக் கெடுத்துவிட்டது.

சேதி தெரியுமா? பசறை ரோட்டுக்கு மேலே எனக்கும் ஏழு பேர்ச் காணி கிடைத்திருக்கிறது. சுவர் இடுப்பளவு எழும்பிவிட்டது. ஊரில் உள்ள லயத்து வீடுகளுக்கெல்லாம் ஒட்டுப்போட்டுத் திரிந்த தேயிலைத் தோட்டத்துக் கொத்தன், இந்த மேசன் பாஸ், ஐம்பதை நெருங்கும் வயதில் தனக்கென்று செங்கல் வைக்கிறான். நன்றாகச் சிரித்துக்கொள். உன்னுடைய அஞ்சு சென்ட், எங்கள் கணக்கில் எட்டு பேர்ச் வரும். அந்த ஒரு பேர்ச் வித்தியாசம் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

லயத்து வரிசையில் உங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கும் எங்கள் காம்பராவுக்கும் நடுவே ஒரே சுவர்தான். அதுவும் கூரைவரை எட்டாது. எங்கள் வீட்டில் கருவாடு பொரித்தால் உங்கள் வீட்டில் சோறு இறங்கும். விடியும் முன்னே நீ அந்தச் சுவரில் மூன்று தட்டு தட்டுவாய். பெரட்டுக்களத்தில் அன்றைய வேலைக்குப் பெயர் கொடுக்க இரண்டு பேரும் ஒன்றாக ஓடுவோம். அப்புறம் இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்தில் உங்களுக்கு இந்தியா என்று வந்தது, எங்களுக்கு இங்கேயே என்றானது. பதுளை ஸ்டேசனில் கோச்சி கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ குடுத்து வச்சவன்டா, பொறந்த மண்ணுலயே இருக்கப் போற" என்று அழுதாய். உனக்காக நானும் அழுதேன். அழுகைக்குள்ளே கொஞ்சம் சந்தோசமும் இருந்தது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

பதினைந்து வருசம் கழித்து உன் கடிதம் வந்தது. கோத்தகிரியில் அஞ்சு சென்ட் இடம் வாங்கிவிட்டோம், தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து அந்தியில் நாங்களே கட்டுகிறோம், நீ வந்து பார் என்று எழுதியிருந்தாய். அந்த வருசம் நான் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தேன். கோயம்புத்தூரில் இறங்கியதும் குருசாமியிடம் நான்கு நாள் கேட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மேடேறி வந்த என்னைப் பார்த்ததும் சேற்றுக் கையோடு ஓடிவந்தாய். கட்டிப்பிடிக்க வந்தவன், கழுத்தில் மாலையைப் பார்த்ததும் நின்றுவிட்டாய். இரண்டு கையையும் கூப்பி, "வாங்க சாமி" என்றாய். உன் மனைவி லெட்சுமி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் காலைக் கழுவினாள். நீ வாய் நிறைய "டேய்" என்று கூப்பிடுவாய் என்று கடல் தாண்டி வந்தவன் நான். இருந்த நாட்களில் ஒரு தடவைகூட நீ கூப்பிடவில்லை.

வீட்டுக்கு இன்னும் கூரை இல்லை, ஆனால் தோட்டம் தயாராக இருந்தது. பீன்ஸ் பந்தல், முட்டைக்கோஸ் பாத்தி, ஓரமாகச் சாமந்தி. நடுவிலே ஆளுயரத்துக்கு ஒரு மரத்தக்காளி, கொத்துக் கொத்தாகக் காய்த்து நின்றது.

"நம்ம லயத்து வாசல்ல நின்ன மரத்து வெத சாமி. குங்குமச் செப்புக்குள்ள வச்சுக் கொண்டாந்தேன்" என்றாள் லெட்சுமி.

நான் அந்த நேரத்தில் என்ன கேட்டேன் தெரியுமா? "யாரக் கேட்டு நட்டீங்க?" என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"யாரக் கேக்கணும்? எங்க எடம்தானே!"

நீங்கள் போன மறு வருசம், லயத்து வாசலை மறைக்கிறது என்று கணக்கப்பிள்ளை சொல்ல, அந்தத் தாய் மரத்தை வெட்டியது நான்தான். அதை அவளிடம் சொல்லவில்லை. வயிறு எரிந்தது. எரிந்தது என்றால் சும்மா இல்லை, அன்று இரண்டு செம்பு தண்ணீர் குடித்தும் அடங்கவில்லை. மாலை போட்ட உடம்பில் பொறாமை கூடாது, பொய் கூடாது என்பார்கள். வெங்காயம், பூண்டைக்கூட ஒதுக்கிவைத்திருந்த எனக்கு இதை ஒதுக்கத் தெரியவில்லை.

அப்புறம் சுவர்களைச் சுற்றிக் காட்டினாய். தொழில் தெரியாத இரண்டு பேர், மண் சாந்து குழைத்து, ஒரு மாதம் அந்தி அந்தியாக நின்று நெஞ்சுயரத்துக்கு ஏற்றிய மேற்குச் சுவர் அது. "தொழிலாளி சாமி, பாத்துச் சொல்லுங்க" என்றாய். நீ வீடு கட்டுகிறாய் என்று பையில் போட்டுக் கொண்டுவந்திருந்த தூக்குக்குண்டை இறக்கினேன். மேலே ஒரு விரல் இடைவெளி, கீழேயும் ஒரு விரல். நூல் பிசகவில்லை. கோணலாக இருந்திருந்தால் உன்மேல் இரக்கப்பட்டு, வாயார வாழ்த்திவிட்டு வந்திருப்பேன். அது நேராக இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

தலையை ஆட்டினேன். "கோணல். ரெண்டு விரல் சாஞ்சிருக்கு. கூர ஏத்துனா தாங்காது" என்றேன்.

லெட்சுமியின் முகம் செத்துப்போனது. நீ சுவரைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். நான் துண்டை எடுத்துக்கொண்டு ஓடைக்குக் குளிக்கப் போய்விட்டேன். அந்தக் குளிரில் அவ்வளவு நேரம் நான் தண்ணீரில் நின்றதே இல்லை. திரும்பி வந்தபோது நீ சுவரோரம் குந்தியிருந்தாய்.

"சாமி சொன்னா சரியாத்தான் இருக்கும். காலையில பிரிச்சிருவோம்" என்றாய்.

விடிந்ததும் நீயே பிரித்தாய். ஒவ்வொரு கல்லையும் சுரண்டி, உடையாமல் அடுக்கினாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லாமல் கரண்டியைக் கையில் எடுத்தேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் நான் அந்தச் சுவரை வைத்தேன். லெட்சுமி மண் மிதித்தாள், நீ கல் எடுத்துக் கொடுத்தாய். எட்டிப் பார்த்த அக்கம்பக்கத்தாரிடமெல்லாம், "எங்க ஊரு பாஸ். இலங்கையிலருந்து வந்து எனக்குச் சுவரு வைக்கிறாரு" என்று பெருமையடித்தாய். கங்காணி பின்னால் நிற்காமல், 'போதும், பூசி மெழுகு' என்று யாரும் விரட்டாமல், என் இஷ்டத்துக்கு வைத்த சுவர் அது ஒன்றுதான். அதைவிடக் கேவலம், அந்த இரண்டு நாளும் நான் சந்தோசமாக இருந்தேன்.

மலைக்குப் போகிற சாமி 'போய்ட்டு வர்றேன்' என்று சொல்லக்கூடாது. சரணம் மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்கினேன். மறுபடி வருவதற்கு வாய்க்கவும் இல்லை.

பத்தாவது வருசம் நீ கண்ணை மூடிய சேதி கிடைத்து ஒரு மாதம் கழித்து, பதுளை டவுனில் ஒரு கடையிலிருந்து லெட்சுமிக்குப் போன் பேசினேன். அழுதாள், பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாள். பிறகு, "ஒங்க சுவருலதாண்ணே அவரு போட்டோவ மாட்டியிருக்கோம்" என்றாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. உடைத்துச் சொல்லிவிட்டேன். அது கோணல் இல்லம்மா, நான் பொய் சொன்னேன், உங்கள் ஒரு மாத உழைப்பை வயிற்றெரிச்சலில் இடிக்க வைத்தேன் என்றேன்.

லெட்சுமி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்:

"அது அவருக்குத் தெரியும்ணே. நீங்க குளிக்கப் போன நேரத்துல ஒங்க குண்டயே எடுத்து விட்டுப் பாத்தாரு. நேராத்தானே இருக்கு, எதுக்கு இடிக்கணும்னு நான் சண்ட புடிச்சேன். 'பேசாம இருடி. லயத்துக்கு ஒட்டுப்போட்டே அவன் காலம் போகுது. சொந்தமா ஒரு செங்கல்லு வைக்க அவனுக்கு அங்க எடமில்ல. இங்கயாச்சும் வச்சுட்டுப் போகட்டும்'னாரு."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பாவி, பத்து வருசம் என்னைப் பொய்யனாகவே விட்டுவைத்தாயே! கடைக்கு வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நின்றபோதுதான் அழுகை வந்தது. வீட்டுக்குப் பொறாமைப்பட்டேன், தோட்டத்துக்குப் பொறாமைப்பட்டேன். இப்போது உன் மனசுக்கும் சேர்த்துப் பொறாமைப்படுகிறேன். இது எந்தத் தண்ணீருக்கும் அடங்குவதாக இல்லை.

இங்கே வாசலில் மரத்தக்காளி ஒன்று நட்டிருக்கிறேன். யாரையும் கேட்கவில்லை. மேற்குச் சுவரில் இன்று நூல் விட்டுப் பார்த்தேன். மேலே ஒரு விரல், கீழே ஒரு விரல். வருகிறவர்கள் எல்லாரும், "பாஸ் கட்டுனதுல என்ன கொற இருக்கப் போகுது" என்று தலையாட்டிவிட்டுப் போகிறார்கள்.

இதைப் பார்த்து வயிறெரிந்து, 'கோணல்டா' என்று ஒரு பொய் சொல்ல நீ இல்லை. சொல்லியிருந்தால், மறுபேச்சில்லாமல் இடித்திருப்பேன்.