விமலன் பெயருக்கு வந்த பதில்

மார்ச் 3, திங்கள்

கியா பார்ம் மலைச் சந்தையில் பிலோமி அக்கா கடை. காலையிலிருந்து ஸ்ட்ராபெரி அடுக்கினேன். பெரிய பழம் மேலே, பொடிசு அடியிலே. அது அக்காவின் வியாபார தர்மம். கப்பலில் பதினோரு வருஷம் தட்டு ஏந்தியவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையே இல்லை.

கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க அந்தக் கப்பல்ல இருந்தவர்தானே? டிவியில பார்த்தேன் லா." ஆமாம் என்றேன். பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டாள். அக்காவுக்கு நாலு பாக்கெட் போனது.

லேடி மெரிடியன் மூழ்கி இன்றோடு ஏழு நாள். ஒரு காலத்தில் ராஜாக்கள் போன கப்பல், தபால்தலையில் வந்த கப்பல். கடைசியில் சுற்றுலாக் கப்பலாக ஓடிக்கொண்டிருந்தது. கேப்டன் கிரகரி என் அக்கா பிலோமியின் வீட்டுக்காரர், எனக்கு அத்தான். எங்கள் தேயிலை எஸ்டேட் கங்காணியின் மகன்; லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர். இயந்திர அறையில் தீப்பிடித்துக் கப்பல் சாயத் தொடங்கியதும், பயணிகள் எழுநூற்றுச் சொச்சம் பேரையும் இறக்கி அனுப்பிவிட்டு, கடைசிப் படகில் எங்களோடு இறங்கினார். விசாரணை என்று கரை சேர்ந்த வெளிநாட்டுத் துறைமுக ஊரிலேயே அவரை வைத்திருக்கிறார்கள். நேற்று மாதா கோயிலில் அவருக்காக நன்றிப் பூசை. வாசலில் அவர் படம் போட்ட பேனர். சாமியார் "நம்ம லயத்துல பொறந்த வீரர்" என்றார். அக்கா தேம்பித் தேம்பி அழுதாள். நான் முன் பெஞ்சில் இருந்தவரின் சட்டைக் காலரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு நூல் பிரிந்திருந்தது.

கப்பல் வேலையாட்களில் ஒரே ஒரு ஆள் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. விமலன்.

மார்ச் 4, செவ்வாய்

மழை. பழம் போகவில்லை. எழுதவும் ஒன்றுமில்லை.

மார்ச் 6, வியாழன்

மாரியம்மா அத்தை கடைக்கு வந்தார். விமலனின் அம்மா. சொந்தமில்லை, ஆனால் லயத்தில் எங்களுக்கு அடுத்த வீடு, அதனால் அத்தை. இன்னும் தேயிலைக் காட்டுக்குத்தான் போகிறார். பேப்பரில் வந்த பட்டியலை நகல் எடுத்து, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருந்தார்.

"கடைசிப் படகுல ஏறுனவங்க லிஸ்டுல பேரு இருக்குதுய்யா. டிக்கு போட்டிருக்கு பாரு. மூணு கப்பல்ல பிரிச்சு ஏத்திக்கிட்டுப் போனாங்களாமே. எந்த ஊரு ஆஸ்பத்திரியில பேச்சு மூச்சில்லாம கெடக்கானோ. நீ பார்த்தியா?"

"கூட்டத்துல சரியாத் தெரியல அத்தை."

"பேரு இருந்தா ஆளு இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொய் சொன்னேன். இங்கேயாவது நடந்ததை எழுதிவிடுகிறேன்.

காலை ஏழு மணி. மேல்தளம் முழுக்கப் புகை. பக்கத்தில் நிற்பவன் நிழலாகத்தான் தெரிந்தான். கடைசிப் படகுக்கு நாங்கள் வேலையாட்கள் இருபத்து மூன்று பேர். விமலன் என் முதுகுக்குப் பின்னால் நின்றான். "அண்ணே, பாஸ்போர்ட்ட ரூம்லயே விட்டுட்டேன். பேரு கூப்பிட்டா சொல்லிருங்க. தோ வந்துடறேன்." ஓடிவிட்டான். அத்தான் பட்டியலை வைத்துக்கொண்டு பெயர் வாசித்தார். விமலன் என்றார். நான் "இருக்கான்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. தானாக வந்தது. எஸ்டேட்டில் காலைப் பெரட்டுக்கு ஆட்களை வரிசையில் நிறுத்திக் கங்காணி பேர் வாசிப்பார். லேட்டாகிற ஆளுக்குப் பக்கத்து ஆள் குரல் கொடுக்கும்; பேர் கொடுப்பது என்போம். மேட்டு லயத்திலிருந்து இறங்கி வர ஐந்து நிமிஷம் பிந்தினால் ஒரு நாள் வேலை போய்விடுமே. கங்காணிக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார். பேர் கொடுத்தால் ஆள் வந்துவிடும். வராமல் போனதே கிடையாது.

வேறு ஊர் கேப்டனாக இருந்தால் "யெஸ் சார்" வர வேண்டும், முகத்தில் டார்ச் அடித்துப் பார்த்திருப்பான். அத்தான் கங்காணி வீட்டுப் பிள்ளை. தமிழில் ஒரு குரல் வந்தது, டிக் போட்டுவிட்டார்.

படகு இறங்கத் தொடங்கியபோது கத்தியிருக்கலாம். தோ வந்துடுவான், தோ வந்துடுவான் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கத்தினால், நீ ஏன் சொன்னாய் என்பார்களே — அதையும்தான் நினைத்தேன். அந்த நேரத்தில்கூட அதை நினைத்தேன். படகு தண்ணீரைத் தொட்டது. கப்பல் சாய்ந்தது.

மார்ச் 9, ஞாயிறு

மாரியம்மா அத்தை விமலனின் ஸ்வெட்டரைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாராம். வந்ததும் குளிருமே என்று. அக்கா சொன்னாள்.

மார்ச் 12, புதன்

கப்பல் கடலடி மணல்திட்டில் பக்கவாட்டில் கிடக்கிறது. முக்குளிப்பவர்கள் உள்ளே போயிருக்கிறார்கள். வேலையாட்கள் தங்கும் நடையில் ஒரு உடல். பாஸ்போர்ட் சட்டைப் பையில் இருந்ததாம்.

எடுத்துவிட்டான்.

மார்ச் 13, வியாழன்

வீரர் என்ற பேர் போய்விட்டது. "ஆளை உள்ளே விட்டுவிட்டு ஓடிய கேப்டன்" — எல்லா போனிலும் அதுதான். அத்தானைக் கைது செய்து லாக்கப்பில் போட்டுவிட்டார்கள். கோயில் வாசல் பேனரைக் காணோம். யார் கழற்றியது என்று யாருக்கும் தெரியாது. ஆணி மட்டும் இருக்கிறது.

அக்கா சொன்னாள்: "சாப்பாட்டு மேசையில கூட தலைய எண்ணிட்டுத்தான் உக்காருவாரு அந்த மனுஷன். அவரா வுட்டுட்டு வந்தாரு? நீ அங்கதானே இருந்தே. சொல்லுடா."

"புகைக்கா. ஒண்ணும் தெரியல."

என் குரல் நன்றாகத்தான் இருந்தது. தண்ணீர் குடித்தேன்.

மார்ச் 19, புதன்

விமலனின் இறுதிச் சடங்கு. பெட்டியைத் திறக்கவில்லை.

அக்காவும் போனாள். விமலனின் அக்கா உமாதேவி வாசலிலேயே மறித்துவிட்டாள். "உங்க வீட்டுக்காரரு என்னைக்காவது வீட்டுக்கு வந்துருவாரு. எங்க தம்பி வருவானா? போங்க." அக்கா வாங்கிப் போன மாலையை வேலிமேல் வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

எனக்கு நாற்காலி போட்டார்கள். தேத்தண்ணி கொடுத்தார்கள். "அவன் கூடவே இருந்த புள்ள" என்று வந்தவர்களிடம் என்னைக் காட்டினார்கள். ஒருவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். குடித்தேன். சீனி கொஞ்சம் அதிகம்.

ஏப்ரல் 2, புதன்

அத்தானுக்காக வைத்த ஈப்போ வக்கீல் ராதாகிருஷ்ணன் போனில் பேசினார். அத்தான் கொடுத்த வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினார். "பெயர் வாசித்தேன். பதில் வந்தது. முகம் பார்க்கவில்லை. தப்பு என்னுடையது." யார் குரல் என்று அந்த ஊர் போலீஸ் கேட்டதற்கு, பதில் சொல்ல விருப்பமில்லை என்றாராம்.

"பதில் வந்ததுன்னு சொல்றதையே அவங்க நம்பல. தண்டனை ஏழு வருஷம் வரைக்கும் போகும். யாராவது ஒரு சாட்சி, அந்தக் குரலைக் கேட்டேன்னு சொன்னாக்கூடப் போதும். நீங்க கேட்டீங்களா மிஸ்டர் ரொனால்ட்?"

"கேட்கல சார்."

அதையே வாக்குமூலமாக எழுதி அனுப்பினார். கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அழகானது, எல்லோரும் சொல்வார்கள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

தூக்கம் நன்றாக வருகிறது. அதுதான் அசிங்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 17, வியாழன்

ஈஸ்டருக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம். வரிசையில் எனக்கு முன்னால் ஏழு பேர். திரைக்கு அந்தப் பக்கம் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்து போய்விட்டாரோ என்று எட்டிப் பார்க்கப் போனேன். பிறகு, "கடவுள் மன்னிப்பாரு. ஆனா சொல்ல வேண்டிய எடத்துல சொல்லணும்ப்பா. இங்க சொன்னது பத்தாது" என்றார்.

பிரிஞ்சாங் டவுனில் இறங்கி மீ கோரெங் சாப்பிட்டேன். லேசாகிவிடும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

மாரியம்மா அத்தை ஆள் விட்டுக் கூப்பிட்டார். லயத்து வீடு. மேசைமேல் வெள்ளைத்தாளும் பேனாவும் தயாராக இருந்தன.

"நீ படிச்ச புள்ள. அந்த ஊரு கோர்ட்டுக்கு ஒரு லெட்டர் எழுதணும்யா. பேரு வாசிச்சேன், பதிலு வந்துச்சுன்னு அந்தாளு புளுவுறான். எம்புள்ள கப்பலுக்குள்ள செத்துக் கெடந்தான், அவன் எப்படி பதிலு சொல்லுவான்? பேரே வாசிக்கலன்னு எழுது. தண்டிக்கச் சொல்லி எழுது. நான் கையெழுத்துப் போடுறேன்."

பேனாவை எடுத்தேன். "மதிப்புக்குரிய ஐயா" என்று எழுதினேன். அடுத்த வரி வரவில்லை. எழுதிவிடுவேன் என்றுதான் நினைத்தேன், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். இவ்வளவு செய்தவனுக்கு இதுவா பெரிசு? பேனாவை மூடினேன்.

"அத்தை, பதிலு வந்துச்சு. நான்தான் சொன்னேன். அவனுக்கு நான்தான் பேரு குடுத்தேன்."

அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் கேட்டார்.

"அவன் குடுக்கச் சொன்னானா? நீயா குடுத்தியா?"

"அவன்தான் கேட்டான். பாஸ்போர்ட் எடுக்கப் போனான்."

தேயிலைக் கறை பிடித்த தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "உங்கம்மாவுக்கு நான் எத்தினி நாளு குடுத்திருக்கேன். நீ வயித்துல இருக்கறப்ப தெனைக்கும் குடுத்தேன். அவ வந்துடுவா." திரும்பவும் சொன்னார். "எப்பவும் வந்துடுவா."

அப்புறம் தாளை என் பக்கம் தள்ளினார். "நடந்தத எழுது. நான் கையெழுத்துப் போடுறேன்."

எழுதினேன். வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். மாரியம்மா என்று ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இனிமே இந்த வாசலுக்கு வராத" என்றார். குரலை உயர்த்தவில்லை. நான் வெளியே வருவதற்குள் கதவை உள்ளே தாழ் போட்டார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

அக்காவிடம் சொன்னேன். கடையில், பழப்பெட்டிகளுக்கு நடுவில்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். "வக்கீலுக்குப் போன் போடு" என்றாள். "இப்பவே போடு. என் முன்னால."

ஏப்ரல் 25, வெள்ளி

ஈப்போ. வக்கீல் அலுவலகத்தில் கேமரா வழியாக அந்த ஊர் கோர்ட்டுக்கு மூன்று மணி நேரம் சாட்சி சொன்னேன். முதல் வாக்குமூலம் பொய்யா என்று நாலு விதமாகக் கேட்டார்கள். நாலு தடவையும் ஆமாம் என்றேன். மாரியம்மா அத்தையின் கடிதத்தையும் மொழிபெயர்த்து வாசித்தார்கள். இங்கிலீஷில் அது வேறு யாரோ எழுதியது மாதிரி இருந்தது.

வரும் வழியில் அக்கா பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தாள்.

மே 1, வியாழன்

அக்கா சமைக்கிறாள், எனக்கும் வைக்கிறாள். பேச்சு இல்லை.

மே 14, புதன்

தீர்ப்பு. அத்தான் வேண்டுமென்று விட்டுவிட்டு வந்தார் என்ற குற்றச்சாட்டைத் தள்ளிவிட்டார்கள். விடுதலை. ஆனால் முகம் பார்த்து எண்ண வேண்டியது கேப்டனின் கடமை, அதனால் லைசென்ஸ் ரத்து, ஆயுளுக்கும். முப்பது வருஷக் கடல் இன்றோடு சரி. கப்பல் வேலைக்கான என் அனுமதிப் புத்தகத்தையும் திருப்பி அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. பொய் வாக்குமூலத்துக்கு என்மேல் தனியாக வழக்கு வரலாம் என்கிறார் வக்கீல். வரட்டும்.

மே 20, செவ்வாய்

அத்தான் வந்துவிட்டார். சட்டை தொளதொளவென்று தொங்குகிறது. வந்ததும் குளித்துவிட்டு நேராக மாரியம்மா அத்தை வீட்டுக்குப் போனார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினார். கதவைத் திறந்தார்களா என்று அக்கா கேட்டாள். "தொறக்கல. படியில உக்காந்துட்டு வந்தேன். நாளைக்கும் போவேன்" என்றார்.

பக்கத்து ஊர் திரிங்காப்பில் காய்கறி லாரி ஓட்ட ஆள் தேடுகிறார்களாம், திங்கட்கிழமை போகிறாராம். சாதாரணமாகச் சொன்னார். மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். நாலு வாய் சாப்பிட்ட பிறகு நானே கேட்டேன்.

"அது என் குரல்னு உங்களுக்குத் தெரியலையா அத்தான்?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"சொன்னப்பவே. நீ சொன்னதாலதான் டிக்கு போட்டேன். வேற எவனாவது சொல்லிருந்தா திரும்பிப் பார்த்திருப்பேன்."

அக்கா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்ப போலீஸ்ல ஏன் சொல்லல?"

அத்தான் மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "நான் சொன்னா என்னையே காப்பாத்திக்கறதுக்காகச் சொன்ன மாதிரி ஆயிடும். நீ சொல்லிருவேன்னு இருந்தேன். தெனமும் காலையில லாக்கப் போலீஸ்காரன் கதவு தொறப்பான். இன்னைக்கு நீ சொல்லிருப்பேன்னு நெனச்சுக்கிட்டே எந்திரிப்பேன்." கோபமே இல்லை அவர் குரலில். "ரொம்ப நாளு ஆக்கிட்டேடா."

சாப்பிட்டு முடித்துத் தன் தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போனார்.

என்னால் சோற்றை எடுக்க முடியவில்லை. அழுகிறேன் என்று எனக்கே கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. அக்கா எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். அழாதே என்று சொல்லவில்லை. எழுந்தும் போகவில்லை.