காற்றுத் துப்பாக்கி விற்ற அன்று, லாத்தா

என் உயிரான லாத்தாவுக்கு,

நீங்க மௌத்தாகி, எங்களை விட்டுப் போய் பத்து மாசம் ஆச்சு. பதினோரு வருஷமாக உங்களிடம் ஒன்றை மறைத்தேன். கூடப்பிறந்த அக்காவிடம் சொல்ல முடியாததை, யார் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்று இன்று எழுதுகிறேன். மனசு அவ்வளவு லேசாக இருக்கிறது.

பர்மாவில், தாமுவே பேட்டையில் பழைய சாமான் கடை வைத்திருந்த நமக்கு அந்தக் காற்றுத் துப்பாக்கி எப்படி வந்தது? வீட்டைக் காலி செய்த ஒருவர் கடிகாரம், இஸ்திரிப்பெட்டியோடு போட்டுவிட்டுப் போனார். காக்கை விரட்டத்தானே என்று கண்ணாடி அலமாரியில் வைத்தோம்.

ஒரு மத்தியானம் நீங்க லுஹர் தொழ மாடிக்குப் போயிருந்தீங்க. பின்தெருவில் இருந்த அந்தப் பர்மிய அம்மா, டோ கின் வந்தார். தன் மூத்த மகன் கோ வின் அந்தத் துப்பாக்கியைக் கேட்டு வந்தால் கொடுக்காதே என்றார். அவன் நாள்கணக்காகத் தூங்கவில்லையாம். தெருவே தன்னைக் கொல்லத் திட்டம் போடுகிறது என்கிறானாம். வைத்தியத்துக்குக் கூப்பிட்டால் வர மறுக்கிறானாம். "மமாவிடமும் சொல்லிவிடு" என்று இரண்டு தடவை சொன்னார். பர்மியர்களுக்கு நீங்க மமா, அக்காதானே.

சரி என்றேன். பக்கத்தில் ஒருவர் மின்விசிறிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். மறந்துவிட்டேன், லாத்தா. வேறு காரணமே இல்லை.

மறுநாள் ஒரு தையல் மிஷின் எடுத்துவர நான் கியாக்தான் ஊருக்குப் போனேன். கோ வின் வந்தான். காக்கைத் தொல்லை என்றான். நீங்க கொடுத்தீங்க. சாயங்காலம் நான் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது தெருவே கூடி நின்றது. கதவைத் திறந்து உள்ளே வந்த சொந்தத் தம்பியை, தன்னைக் கொல்ல வந்தவன் என்று நினைத்துச் சுட்டிருந்தான். அந்தப் பையனுக்கு இடது கண் போய்விட்டது.

போலீஸ் ஸ்டேஷனுக்கு நம் இருவரையும் கூப்பிட்டார்கள். போகும் வழியில் நமக்காக வந்த வக்கீல் விளக்கினார்: மனநிலை சரியில்லாதவன் என்று தெரிந்தே கொடுத்திருந்தால் விற்றவர்தான் பதில் சொல்லியாக வேண்டும், தெரியாமல் கொடுத்திருந்தால் வழக்கு நிற்காது. யாராவது முன்பே எச்சரித்தார்களா என்று அதிகாரி கேட்டார். நீங்க இல்லை என்றீங்க. அது உண்மை. அடுத்து என்னிடம் கேட்டார். நானும் இல்லை என்றேன்.

சட்டம் நம்மை விட்டது. நீங்கதான் உங்களை விடவில்லை. "அவன் முகத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்" என்பீங்க. ஒவ்வொரு தடவையும் எனக்கு வாய்வரை வந்தது. பயத்தில் விழுங்கினேன். யாருக்குப் பயந்தேன், ஸ்டேஷனுக்கா, உங்களுக்கா? டோ கின் ஏன் அதிகாரியிடம் எதுவும் சொல்லவில்லை என்பதும் புரியவில்லை.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் படகேறி ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் டாலாவுக்குப் போனேன். அந்தக் குடும்பம் இப்போது அங்கேதான். கோ வின் என்னை அடையாளம் கண்டு நாற்காலி போட்டான். மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறான், சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிறான், கொஞ்சம் பெருத்திருக்கிறான். சிரிக்கிறான், லாத்தா.

அவன் தம்பி வாசலில் சைக்கிள் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். அவன் எதிரில் உட்கார்ந்து சொன்னேன்: "உன் அம்மா என்னை எச்சரித்தார். நான் அக்காவிடம் சொல்லவில்லை. ஸ்டேஷனில் பொய் சொன்னேன்."

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "இவ்வளவு வருஷம் கழித்தா?" என்றான். பிறகு உள்ளே போய் எனக்குத் தேநீர் கொண்டுவந்தான். அந்தக் கோப்பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

டோ கின்தான் மிச்சத்தைச் சொன்னார். ஸ்டேஷனுக்குப் போன மறுவாரமே நீங்க அவர்களைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனீங்களாம். கோபத்தில் அவர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாராம். வாங்க, இப்போதே ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லிவிடுவோம், நானும் வருகிறேன் என்று நீங்க எழுந்தீங்களாம். அவர்தான் தடுத்திருக்கிறார். வழக்கு வேண்டாம், என் பிள்ளைக்கு டாக்டர்தான் வேண்டும், நீங்க கூப்பிட்டால் வருவான் என்றாராம். அப்படியானால் மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை கருவாடு வாங்கவென்று டாலாவுக்குப் போனீங்களே, அவனை டாக்டரிடம் கூட்டிப்போகவா?

உங்களுக்குத் தெரிந்திருந்தது. ஒரு நாளாவது என்னைக் கேட்டிருக்கக் கூடாதா? டோ கின்னிடம் நீங்க சொன்னது இதுதானாம்: "என் தம்பியை யாரும் கேட்க வேண்டாம். அவனாக வந்து சொல்வான்."

வந்து சொல்லிவிட்டேன், லாத்தா. பிந்தித்தான், ஆனாலும் சொல்லிவிட்டேன். திரும்பும்போது படகில் ஓரமாக நின்று அழுதேன். பாரம் இறங்கிய அழுகை. அன்று வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன்.

நீங்க போன பிறகு கோ வின்னை டாக்டரிடம் அழைத்துப்போகத் துணைக்கு ஆளில்லை. டோ கின்னுக்கு முழங்கால் ஒத்துழைப்பதில்லை. வருகிற செவ்வாய் நான் போகிறேன். அதற்கடுத்த மாசமும் போவேன். அவன் போதும் என்று சொல்கிற வரை போவேன்.

உங்க துஆவில் வாழும்
தம்பி யூசுப்