ஹெரன்பீல்ட் கழகத்தை மூடிவிட்டோம், அண்ணை

என் அன்பு அண்ணைக்கு,

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன சனிக்கிழமை பின்னேரம் ஹெரன்பீல்ட் உதைபந்தாட்டக் கழகத்தை மூடிவிட்டோம். மூடும் தீர்மானத்தை வாசித்தது நான். முதலாவதாகக் கையை உயர்த்தியதும் நான்தான்.

வீட்டுக்கு வந்து நேரத்தோடு படுத்தவள், மறுநாள் பூசைக்குப் போக அவசரமாக எழும்பும்வரை அசையவில்லை. நீங்கள் போனபிறகு அப்படி ஒரு நித்திரை எனக்கு வந்ததில்லை. அதற்கு வெட்கப்படுவதா, சந்தோஷப்படுவதா?

இந்தக் கடிதத்தை எங்கள் கோயிலின் பங்கு மலரில் போடப்போகிறார்கள். உங்களை அறியாதவர்களும் வாசிப்பார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மன்னாரில் கோயில் அணிக்குக் கோல் காத்த நீங்கள் அகதியாக லண்டனுக்கு வந்து, வால்தம்ஸ்டோவில் ஒரு கடைக்கு மேல், ஒரே அறையில் இன்னும் நான்கு பேரோடு இருந்தீர்கள். ஒரு சனிக்கிழமை பேக்கரி ஷிப்ட் முடிந்து நடந்து வரும்போது தகர வேலிக்கு அப்பால் பந்து உதைபடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தீர்கள். அன்று அவர்களுடைய கோல் கீப்பர் வரவில்லை. கட்டையான ஒரு வெள்ளைக்காரர் உங்கள் உயரத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கையுறையை நீட்டி ஏதோ கேட்டார். அவருடைய இங்கிலிஷ் உங்களுக்கு விளங்கவில்லை. கையுறை விளங்கியது.

அந்த வெள்ளைக்காரர்தான் கென். அப்போது அணித்தலைவர். பிற்காலத்தில் கழகத்தின் தலைவர்.

என் கலியாணத்தன்று கோயிலடியில் குடும்பப் படம் எடுக்க நின்றபோது உங்களைக் காணவில்லை. அரைமணி நேரம் தேடினோம். காதெல்லாம் சேற்றோடு, கோட்டை ஒரு கையில் பிடித்தபடி ஓடிவந்தீர்கள். “ரெண்டாம் பாதிக்கு மட்டும்தான் நிண்டனான், பிள்ளை. அதுக்கு ஏன் இந்த முறைப்பு?” என்றீர்கள். அந்தச் சேற்றுக் காதோடுதான் இன்றைக்கும் எங்கள் ஹோல் சுவர்ப் படத்தில் நிற்கிறீர்கள்.

கழகத்தின் கதையை ஞாயிறு சாப்பாட்டில் எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்! விக்ரோறியா மகாராணி காலத்தில், கோடையில் கிரிக்கெட் விளையாடிய சில வங்கி எழுத்தர்கள் மாரியில் சும்மா இருக்க மனமில்லாமல் தொடங்கியது. பந்தைக் கையால் பிடிக்கலாமா கூடாதா என்பதே அந்த நாளில் முடிவாகவில்லை. இரண்டு தலைவர்களும் நடு மைதானத்தில் நின்று விதிகளைப் பேசித் தீர்த்த பிறகுதான் ஆட்டம் தொடங்கும். அப்படித் தொடங்கியவர்கள் சில வருடங்களிலேயே நாட்டின் பெரிய கிண்ணத்தில் கடைசி நான்கு அணிகளுக்குள் வந்துவிட்டார்கள். வேலிக்கரையில் இடம் போதாமல் சனம் குதிரை வண்டிகளில் ஏறி நின்று பார்த்ததாம்.

பிறகு வடக்கே, பஞ்சாலை ஊர்களில், விளையாடுகிறவர்களுக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கினார்கள். எங்கள் கழகத்தின் செயற்குழு கூடி, பந்து உதைக்கக் காசு வாங்குவது கனவான்களுக்கு அழகல்ல என்று முடிவெடுத்தது. அவர்களுடைய ஆகத் திறமான ஆட்டக்காரன் கனவான் அல்ல. காஸ் தொழிற்சாலையில் கரி அள்ளுகிறவன். அந்த வருடமே வடக்குக்கு ரயிலேறிவிட்டான். மற்றவர்களும் ஒவ்வொருவராக அவன் பின்னால் போனார்கள்.

இந்த இடம் வந்தால் பிசைந்த சோற்றை அப்படியே சாப்பாட்டுக் கோப்பையில் விட்டுவிடுவீர்கள். “அந்தக் குழுவில இருந்த ஒருத்தனுக்கும் பசியெண்டா என்னெண்டு தெரியாது. தெரிஞ்சவன் எண்டா அதுக்குக் கையைத் தூக்கியிருப்பானே?” எங்கோ எப்போதோ செத்துப்போன வெள்ளைக்காரர்களோடு நீங்கள் சண்டை பிடிக்க, என்னவர் மெதுவாகக் குழம்பை உங்கள் பக்கம் தள்ளுவார்.

அதற்குப் பிறகு கழகம் எழும்பவில்லை. ஒரேயடியாக விழவும் இல்லை. காசு வாங்காதவர்களின் போட்டிகளில் கொஞ்சக் காலம் பெயரோடு இருந்தது. பிறகு சின்ன லீக், அதைவிடச் சின்ன லீக். நீங்கள் செயலாளராக வந்தபோது, பார்க்க வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கேத்தலில் தேத்தண்ணீர் ஊற்றலாம்.

அண்ணை, இனி நான் சொல்லப்போவது சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் மட்டும் சொன்ன விஷயம்.

நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசிச் சனிக்கிழமை, நான் மைதானத்தில் இருந்துதான் நேரே வந்தேன். ஈரச் சப்பாத்தோடு கட்டிலருகே இருந்தேன். நீங்கள் ஒக்சிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டுக் கேட்டீர்கள்.

“எத்தின பேர் வந்தவங்கள்?”

“பதினொரு பேரும் வந்தவங்கள், அண்ணை. ரெண்டுக்கு ஒண்டு. வெண்டிட்டம்.”

“ஆர் அடிச்சது?”

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. வாயில் வந்த பெயரைச் சொன்னேன். “சலீம். ரெண்டும் சலீம்தான்.”

நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தீர்கள். புதன்கிழமை நீங்கள் இல்லை.

அந்தச் சனிக்கிழமை விளையாட வந்தவர்கள் ஆறு பேர். ஆட்டம் நடக்கவேயில்லை. முன்னரும் சில தடவை அப்படி நடந்திருந்ததால், அந்தக் கிழமையே லீக்கிலிருந்து எங்களை நீக்கிவிட்டார்கள்.

உங்கள் பைல்களும் மைதானக் கேற்றின் திறப்புக் கோர்வையும் என் வீட்டில் இருந்தன. அதனால் ஆரும் கிடைக்கும்வரை நானே செயலாளர் என்றார்கள். ஆரும் கிடைக்கவில்லை. இரண்டு மாரிகாலம் ஓடியது. ஆட்டமில்லாத மைதானத்தின் கேற்றை ஒவ்வொரு சனிக்கிழமையும் திறந்து, உள்ளே ஒரு சுற்று நடந்து, திரும்பவும் பூட்டிவிட்டு வருவேன். உடை மாற்றும் கொட்டகை ஆபத்தானது என்று நகர கவுன்சிலும் அதற்குப் பலகை அடித்துவிட்டது. கழகத்தை மூடும்படி எல்லோரும் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. கழகம் உயிரோடு இருக்கிறது என்று நம்பிக்கொண்டு கண்ணை மூடிய மனிசனுக்கு, அதை நானே மூடினேன் என்று எப்படிச் சொல்வது?

இந்த நேரத்தில்தான் ரெபேக்கா வந்தார். தபால் விநியோகிக்கிறவர். பின்னேரங்களில் பெண்பிள்ளைகளின் அணி ஒன்றைப் பழக்குகிறார். மைதானம் கிடைக்காமல் அவர்கள் ஒரு பள்ளிக்கூடத்தின் கார் நிறுத்துமிடத்தில், தாரில், முழங்காலை உரித்துக்கொண்டு விளையாடுகிறார்கள். உங்கள் மருமகள், என் மகள் அனுஷா, அதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். “அம்மா, மூடினா மாமா கோவிக்க மாட்டார். கேற் சும்மா லொக் பண்ணிக் கிடக்கு பாருங்கோ, அதுக்குத்தான் கோவிப்பார்.”

மைதானத்தின் பழைய காணி உறுதியை ஒரு சட்டத்தரணியிடம் காட்டினேன். மைதானம் அந்தக் காலத்தில் ஒரு பியர் ஆலை முதலாளி எழுதிக் கொடுத்தது. அங்கத்தவர்கள் கூடி முறையாகக் கழகத்தை மூடினால், நிலத்தை இந்த ஊரில் விளையாடும் வேறொரு அணிக்குக் கொடுக்கலாம். கூட்டம் கூடவே ஆளில்லாமல் கழகம் அழிந்துபோனால், நிலம் முதலாளியின் வாரிசுகளுக்குப் போகும். அவர்கள் மாடிவீடு கட்டுகிறவர்களோடு பேசத் தொடங்கியிருந்தார்கள். கூட்டத்துக்கு ஒன்பது பேர் வேண்டும். எங்களில் வரக்கூடிய நிலையில் இருந்தவர்களே ஒன்பது பேர்தான்.

சனிக்கிழமை இரண்டு மணிக்குக் கோயில் மண்டபத்தில் என்னையும் சேர்த்து எட்டுப் பேர் வந்துவிட்டோம். கென்னைக் காணவில்லை. அதற்கு முந்திய கிழமை விழுந்து, ஆஸ்பத்திரியில் இருந்தார். அன்று காலை விடுவதாகச் சொல்லியிருந்தார்கள். போன் எடுத்தால் பதில் இல்லை. மூன்று மணிக்குள் கூட்டம் தொடங்காவிட்டால் புதிதாக அறிவித்தல் கொடுத்து இன்னும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். கதிரைகளில் இருந்தவர்களைப் பார்த்தேன். இரண்டு பேர் கைத்தடியோடு. ஒருவர் பேரனின் தோளில். ஒரு மாதத்துக்குப் பிறகும் இதே எட்டுப் பேர் இருப்பார்கள் என்று ஆர் எனக்கு எழுதித் தருவார்கள்?

“எந்த வார்ட்?” என்று மட்டும் கேட்டுவிட்டு ரெபேக்கா காரை எடுத்துக்கொண்டு பறந்தார்.

மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கதவு திறந்தது. சக்கர நாற்காலியில் கென். மேலே கோட், கீழே ஆஸ்பத்திரிப் பிஜாமா, கையில் பெயர்ப் பட்டி. “மருந்து வரும்வரை இருக்கச் சொன்னார்கள். மருந்து பின்னால் வரட்டும் என்றேன்,” என்றார்.

நான் தீர்மானத்தை வாசிக்க எழுந்தேன். அதற்கு முன், கென்னின் பக்கத்தில் குனிந்து, காதுக்குள் உண்மையைச் சொன்னேன். ஆறு பேர் வந்ததை, நான் சொன்ன பொய்யை, எல்லாவற்றையும்.

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். “ஜெஸி, அவனுக்குத் தெரியுமே. நீ போன கையோடு எனக்குப் போன் எடுத்தான். உண்மையில் எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டான். ஆறு என்றேன். இருமி இருமிச் சிரித்தான். ‘கென், என் தங்கச்சி சொல்கிறாள், நாங்கள் வென்றுவிட்டோமாம். இரண்டு கோலும் சலீம் அடித்தானாம். எங்கள் அணியில் சலீம் இல்லை. ஹை ரோட்டில் அவளுக்கு மீன் வெட்டிக் கொடுக்கிறவர்தான் சலீம்.’”

நான் அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன்.

“கடைசியில் ஒன்று சொன்னான்,” என்றார் கென். “‘இனிப் போதும் கென். வென்ற கையோடு நிறுத்துவோம்’ என்றான். அதை நான் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீ மூடிவிடுவாய். எனக்கும் விட மனம் வரவில்லை. மன்னித்துக்கொள்.”

அவர்மேல் கோபம் வரவில்லை, அண்ணை. சிரிப்புத்தான் வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணால் ஓடியது. மற்ற ஏழு பேரும் இந்தப் பெண்ணுக்கு என்ன நடந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வாசித்தேன். கையை உயர்த்தினேன். கென்னின் கை, பட்டியோடு, இரண்டாவதாக எழுந்தது. பிறகு எல்லாக் கைகளும். நிலம் ரெபேக்காவின் பிள்ளைகளுக்கு. எதிர்ப்பு ஒன்றுமில்லை. பிறகு ஒரு கிழவர் பெரிதாக மூச்சுவிட்டு, “தேத்தண்ணீர் இருக்கிறதா?” என்று கேட்டார்.

நீங்கள் ஏன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை? நான் அழுவேன் என்றா? அல்லது அந்த வெற்றியை என்னிடமிருந்து பறிக்க மனமில்லாமலா?

மற்றச் செய்திகள், புதினங்கள். கூட்டக் குறிப்புப் புத்தகங்களை நூலகத்தார் எடுத்துக்கொண்டார்கள், முதலாவதில் இருந்து நான் எழுதிய கடைசிப் பக்கம் வரை. கென் மருந்தை ஒழுங்காகக் குடிக்கிறார். கேற்றில் இப்போது பூட்டு இல்லை. செவ்வாய்க்கிழமை பின்னேரம் அந்தப் பக்கம் போனேன். பெண்பிள்ளைகள் புல்லுக்குள் முழங்காலில் நின்று கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பெயரை அவர்கள் கேட்கவில்லை. அவர்களுக்கென்று ஒரு பெயர் இருக்கிறது. எனக்கு அது பிடித்திருந்தது.

வடக்குக்குப் போன அந்தக் கரி அள்ளுகிறவனுக்குப் பிறகு என்ன நடந்தது? நீங்கள் தேடிக்கொண்டே இருந்தீர்கள். அங்கே சந்தித்தால் கேட்டுவையுங்கள்.

அடுத்த மாதம் பிள்ளைகளின் முதல் ஆட்டம். இத்தனை வருடத்தில் நான் ஒரு ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. உங்களுக்காகப் பேப்பர் நிரப்பியிருக்கிறேன், துவாய் கழுவியிருக்கிறேன், கேற்றில் நின்றிருக்கிறேன். இந்த முறை போவேன். ஆர் என்ன பொறுப்பைத் தந்தாலும் ஏலாது என்று சொல்வேன். உங்கள் மச்சானையும் கூட்டிக்கொண்டு வேலிக்கரையில் நின்று, தொடக்கத்திலிருந்து முடிவு வரை, கையைக் கட்டிக்கொண்டு பந்தை மட்டும் பார்ப்பேன். இது சத்தியம்.

உங்கள் தங்கச்சி,
ஜெசிந்தா
வால்தம்ஸ்டோ