மரத்தடிச் செங்கல்

போர்ட்டோ நோவோ,
மழை விட்ட இரண்டாம் வாரம்.

அன்புத் தம்பி செனானுக்கு,

அக்கா யெமாலின் எழுதுகிறேன். நான் சுகம். என் பாமாயில் கடையும் சுகம். நம் தெருச் சதுக்கத்தைப் புதுப்பித்ததற்கு நீ வேலை பார்க்கும் லியோனில் உனக்குக் கிடைத்த கேடயத்தின் படம் வந்தது. பளபளப்பாக இருக்கிறது. கைதட்டியவர்களில் ஒருவராவது இந்தச் சதுக்கத்தில் கால் வைத்திருக்கிறாரா?

சதுக்கம் இப்படித்தான் இருக்கும் என்று நீ வரைந்ததை மறுபடி எடுத்துப் பார்த்தேன். முகமில்லாத வெள்ளை மனிதர்கள் பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். தலையில் சுமையோடு ஒருத்தியும் இல்லை. இலையில் மடித்த சோளமாவு அக்காசா விற்கும் அயாபா அதைப் பார்த்துவிட்டு, "உக்கார எல்லாருக்கும் இடம் இருக்கு அக்கா, விக்கத்தான் இல்ல. உங்க தம்பி எங்க கையால சாப்பிட்டு வளந்தவர்தானே?" என்றாள். அன்று அவளிடம் இரண்டு அக்காசா கூடுதலாக வாங்கிக்கொண்டேன்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். உன் வடிகால் நன்றாக ஓடுகிறது. விளக்குகளும் நல்லவை. ஒன்றையும் தொடக்கூடாது என்று கத்திய கிழவர்களுக்குச் சேறும் கொசுவும்தான் பாரம்பரியம். அவர்களையும் நான் மதிக்கவில்லை. ஆனால் அவர்கள் முட்டாள்கள் என்பதால் நீ புத்திசாலி ஆகிவிட மாட்டாய்.

நம் முன்னோர் குடியிருக்கும் இரோகோ மரத்தின் அடிவரைக்கும் செங்கல் பதித்தாயே, அதுதான் வினை. திறப்பு விழாவில் தோசு பெரியப்பா முன்னோர்களுக்குச் சோதாபி ஊற்றினார். மண் குடிக்க வேண்டிய சாராயம் செங்கல்மேல் வழிந்து ஓடி விருந்தினர் செருப்பை நனைத்தது. மேளம் நின்றது. "குடிக்கக் குடுத்தா வெளியே துப்புறாங்களே!" என்று பெரியப்பா உரக்கச் சொன்னார். அன்றோடு சரி, ஊரார் யாரும் அங்கே உட்காருவதில்லை. இப்போது உன் பெஞ்சுகளில் ஆடுகள் படுத்திருக்கின்றன. அவற்றுக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அப்பா போய் இந்த மழைக்காலமும் முடிந்துவிட்டது. நீ பூவளையம் அனுப்பினாய், வாடிவிட்டது. அவருக்குக் கடைசியாக ஊற்ற வேண்டியது அந்த மரத்தடியில்தான், மூத்த மகன் கையால்தான். செங்கல்மேல் ஊற்றச் சம்மதிக்க மாட்டோம் என்கிறார்கள் பெரியவர்கள். உன் திட்டத்தை எல்லோரும் எதிர்த்த அன்று, "என் பையன் போட்டா மரத்துக்கு வலிக்காது" என்று எழுந்து நின்றவர் அவர் ஒருவர்தான். அவரையே முன்னோரோடு சேரவிடாமல் வெளியில் நிறுத்தி வைத்திருக்கிறோம்.

நான் பேரம் பேசிவிட்டேன். மரத்தைச் சுற்றிச் செங்கலைப் பெயர்த்து மண்ணைத் திறந்துவிடுவது. வடக்குப் பக்கப் பெஞ்சுகளை எடுத்துவிட்டு, அங்கே விற்கிற பெண்களுக்கு இடம். விளக்கும் வடிகாலும் அப்படியே இருக்கும். பெரியவர்கள் ஒப்புக்கொண்டார்கள், ஒரே நிபந்தனையோடு. மூடியவன்தான் முதல் கல்லைப் பெயர்க்க வேண்டும். நானே பெயர்க்கிறேன் என்றேன். "நீ மூடலியேம்மா" என்றார் பெரியப்பா.

வேலை இருக்கிறது, விடுமுறை இல்லை என்று எழுதாதே. இதே சாக்கைச் சொன்ன கடன்காரர்கள் பலரைப் பார்த்தவள் நான். கேடயத்தைக் கொண்டுவராதே, வைக்க இடமில்லை. கடப்பாரை என் கடையில் கதவுக்குப் பின்னால் சாய்ந்திருக்கிறது. யாரையும் தொட விடவில்லை.

உன் பயணத்தில் மழை குறுக்கிடாமல் இருக்கட்டும். அப்பாவின் அறையைப் பெருக்கி வைத்திருக்கிறேன், அங்கேயே படுத்துக்கொள்ளலாம். வா தம்பி.

உன் வரவுக்காகக் கடையைச் சீக்கிரம் சாத்தும்
அக்கா யெமாலின்