ஏலத்துக்கு வந்த அகல்யா

முத்தாபுதுப்பேட்டை,
8.1.2024

அன்புள்ள வடிவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் அப்படித்தான் இருப்பாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். போனில் பேசினால் மூன்றாம் நிமிடமே நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. ஃபாக்டரி என்னை ஜபல்பூருக்கு அனுப்பிய அந்த இரண்டு வருடமும் கடிதத்தில் நாம் ஒருமுறைகூடச் சண்டை போட்டதில்லை. அதனால் பழையபடி தபாலுக்கே வந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். படங்களை எல்லாம் விற்றுவிடலாம் என்று இருக்கிறேன். டிசம்பர் மழையில் ஹாலுக்குள் முழங்கால் வரை தண்ணீர் நின்றது. மேலே மாட்டியிருந்ததால் படங்கள் நனையவில்லை. ஆனால் சுவர் ஊறி மூன்று படங்களில் பூஞ்சை பிடித்துவிட்டது. நாற்பத்தொரு படங்களையும் கழற்றித் துடைத்து மாட்ட, ஏணியைப் பிடித்துக்கொள்ளவாவது ஓர் ஆள் வேண்டும். பக்கத்து வீட்டு ஆட்டோக்கார வேம்புலியை எத்தனை தடவை கூப்பிடுவது?

ஏலக் கம்பெனியிலிருந்து கிருஷ்ணப்பிரியா என்று ஒரு பெண் வந்து பார்த்தது. டாங்கி ஃபாக்டரியில் மெஷின் ஓட்டியவன் வருடா வருடம் போனஸில் நகை வாங்காமல் ஓவியக் கல்லூரிக் கண்காட்சியில் படம் வாங்கினான் என்று கேட்டதும் நோட்டை மூடிவிட்டு என்னையே பார்த்தது. நகை வேண்டாம் என்று சொன்னது என் மனைவிதான் என்றேன்.

ஒரே ஒரு சிக்கல். உதயகுமார் அப்போது கல்லூரிப் பையன், இப்போது பெரிய பெயராம். அவன் வரைந்த நம் பிள்ளை அகல்யா படத்தையும் சேர்த்துக் கொடுத்தால்தான் மற்றதை எடுப்பார்களாம். ரசீதெல்லாம் உன் பெயரில் இருப்பதால் உன் கையெழுத்து வேண்டும். அந்தப் படம் நம்மிடம் எப்படி வந்தது என்று உன் கைப்பட ஒரு கடிதமும் வேண்டும். வாங்குகிறவர்கள் அதைக் கேட்பார்களாம்.

உனக்கு மனசில்லை என்றால் ஒரு வரி எழுது. அந்தப் பெண்ணிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். கட்டாயம் ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
கலியமூர்த்தி


நூம்பல்,
17.1.2024

அகல்யா அப்பாவுக்கு,

வடிவு எழுதுவது. பொங்கல் முடிந்தது. நீங்கள் பொங்கல் வைத்திருக்க மாட்டீர்கள் என்று தெரியும். ஓட்டலில் சாப்பிட்டிருந்தாலும் சரி, சாப்பிட்டீர்கள் என்று தெரிந்தால் போதும்.

மனசில்லை என்றால் ஒரு வரி எழுதச் சொன்னீர்கள். நான் கையெழுத்தே போட்டு அனுப்பிவிட்டேன். இஸ்மாயிலைக் கட்டிக்கொள்கிறேன் என்று அகல்யா வந்து நின்ற அன்றைக்கு "அப்படியே போய்விடு" என்றீர்களே, அப்போது என் சம்மதத்தைக் கேட்டீர்களா? பிள்ளையை அனுப்பும்போது கேட்காதவர் படத்தை அனுப்பும்போது கேட்கிறீர்கள். எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. தபாலிலும் சண்டை வரும் போலிருக்கிறது.

கம்பெனிக்கான கடிதத்தையும் வைத்திருக்கிறேன். அவர்களுக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். 1996 மே மாதம், நாம் வாங்கிய வேறு ஒரு படத்தைக் கொடுக்க வந்த உதயகுமாருக்கு நம் வீட்டிலேயே காய்ச்சல் கண்டது. மூன்று நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். நாலாம் நாள் மத்தியானம் பாயில் தூங்கிய அகல்யாவைப் பார்த்து வரைய ஆரம்பித்தான். தூங்குகிற பிள்ளையைப் படம் எழுதக் கூடாது என்று நான் தடுத்தேன். பிறகு, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்து வரைவதானால் வரை என்று விட்டேன். பிள்ளை கன்னத்தில் நான் மையைத் தொட்டு வைத்தேன், படத்தில் அவன் வைத்தான். காசு வாங்க மாட்டேன் என்றான். நீங்கள்தான் அவன் பையில் திணித்தீர்கள்.

மார்ச் மூன்றாம் தேதி பேத்தி சபீனாவுக்கு நாலு வயது முடிகிறது. அகல்யா பிரசவத்துக்கு வந்தவள் நான், இன்னும் இங்கேதான் இருக்கிறேன். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் கேக் வெட்டுவோம். ஆவடியில் பஸ் ஏறிப் பூந்தமல்லியில் மாறினால் வேலப்பன்சாவடி. மேற்கொண்டு வழி சொல்ல இஸ்மாயில் ஸ்டாப்பில் வந்து நிற்பான். நிற்பேன் என்று அவனாகத்தான் சொன்னான், நான் சொல்லச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
வடிவு


முத்தாபுதுப்பேட்டை,
20.2.2024

அன்புள்ள வடிவுக்கு,

உன் கையெழுத்து கிடைத்தது. இவ்வளவு சீக்கிரம் வரும் என்று நான் நினைக்கவில்லை.

நேற்று வேன் வந்து படங்களை எடுத்துப் போனார்கள். பூஞ்சை பிடித்த மூன்றை வேண்டாம் என்று வைத்துவிட்டார்கள். மீதி முப்பத்தெட்டையும் கையுறை போட்ட இரண்டு பையன்கள் பிள்ளைத்தாச்சியைக் கூட்டிப் போவது போல ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். அகல்யா படத்தைக் கழற்றும்போது நான் கொல்லைப்பக்கம் போய்விட்டேன். மோட்டார் போட வேண்டியிருந்தது.

வேன் போனதும் வேம்புலி எட்டிப் பார்த்தான். "இன்னா சார், ஊட்டையே தொடச்சிகினு பூட்டாங்க?" என்றான். நான் ஏதோ சொன்னேன், என் குரலே எனக்குப் பெரிதாகக் கேட்டது. சுவர் பூராவும் ஆணி. படம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, சதுரம் சதுரமாக இருக்கிறது. டிவியைப் போட்டு வைத்தேன். என்ன ஓடுகிறது என்று பார்க்கவில்லை, சத்தத்துக்காகத்தான்.

அச்சான கேட்டலாக் உனக்கும் ஒன்று கம்பெனியிலிருந்து நேரே வரும். ஏலம் மார்ச் இருபத்தெட்டு. விற்கிறவர்கள் தங்கள் பொருளைத் தாங்களே ஏலம் கேட்கக் கூடாது என்று அந்தப் பெண் இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனது. யார் கேட்கப் போகிறார்கள்?

பிறந்தநாள் பற்றி எழுதியிருந்தாய். பார்க்கலாம்.

இப்படிக்கு,
கலியமூர்த்தி


நூம்பல்,
12.3.2024

அகல்யா அப்பாவுக்கு,

பார்க்கலாம் என்று எழுதினால் வர மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியாதா? முப்பத்தைந்து வருஷமாகப் பார்க்கிறேன். இருந்தாலும் கேக்கை ஏழு மணிக்கு வெட்டலாம் என்று நான்தான் சொன்னேன். பிறகு ஏழரை என்றேன். எட்டு மணிக்குப் பிள்ளை தூங்கி விழ ஆரம்பித்ததும் அகல்யா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கத்தியை எடுத்தாள். இஸ்மாயில் பஸ் ஸ்டாப்பிலிருந்து எட்டரைக்குத்தான் வந்தான். தூங்கிப்போயிருந்த பிள்ளையைத் தூக்கிப் படுக்க வைத்தான்.

கேட்டலாக் வந்தது. நம் வீட்டுச் சுவரில் கரண்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கியதெல்லாம் வழுவழுப்பான தாளில் ராஜா வீட்டுச் சாமான் போல இருக்கிறது. ஆனால் நான் அவ்வளவு எழுதிக் கொடுத்தும் அகல்யா படத்துக்குக் கீழே "பெயர் தெரியாத குழந்தை" என்று போட்டிருக்கிறார்கள். "கன்னத்தில் சிறு கறை, சுத்தம் செய்யலாம்" என்று வேறு. உடனே கிருஷ்ணப்பிரியாவுக்குப் போன் செய்தேன். அது கறை இல்லை அம்மா, திருஷ்டிப் பொட்டு, யாராவது துடைத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும் என்றேன். பாவம், அந்தப் பெண் பயந்துபோய் எழுதிக்கொண்டது.

சபீனா அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இது நான்தானே, என்னை யார் பாயில போட்டது?" என்கிறாள். அவ்வளவு ஜாடை. நீங்கள் வந்திருந்தால் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஏலத்தை நான் பார்க்கப் போவதில்லை. அன்றைக்கு எனக்கு வேலை இருக்கிறது. பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

இப்படிக்கு,
வடிவு


முத்தாபுதுப்பேட்டை,
30.3.2024

அன்புள்ள வடிவுக்கு,

எல்லாம் முடிந்துவிட்டது. மற்ற முப்பத்தேழு படங்களும் நல்ல விலைக்கே போயின. உன் பங்கு பாங்கிக்கு வந்துவிடும்.

அகல்யா படம் கடைசியில் வந்தது. கள்ளிக்குப்பத்தில் பழைய கூட்டாளி சண்முகசுந்தரம் வீட்டில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். இரண்டு லட்சத்தில் ஆரம்பித்தார்கள். மூன்றைத் தாண்டியதும் மற்றவர்கள் விலகிவிட்டார்கள். இரண்டே பேர்தான் மோதிக்கொண்டார்கள். அதில் ஒருவன் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை, வடிவு. இந்தப் பக்கம் ஏற்றிய அடுத்த நொடி அந்தப் பக்கம் ஏறியது. எந்தப் பங்களாவில் மாட்டப் போகிறானோ, அப்படி ஒரு வெறி. ஆறு லட்சத்து எண்பதாயிரத்தில் அவனுக்கே முடிந்தது. யார் என்று கேட்டால் சொல்ல மாட்டார்களாம்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? எனக்குத் தாங்கவில்லை. நீ வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுதுவாய் என்று நினைத்துத்தான் முதல் கடிதம் போட்டேன். நீ கையெழுத்தைப் போட்டு அனுப்பினாய். அதற்கப்புறம் பின்வாங்க எனக்கு வெட்கமாக இருந்தது.

பிறந்தநாளன்று ஆவடி பஸ் ஸ்டாண்டு வரை வந்தேன். பூந்தமல்லி பஸ் மூன்று போனது. பிறகு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

இப்படிக்கு,
கலியமூர்த்தி


நூம்பல்,
8.4.2024

அகல்யா அப்பாவுக்கு,

கொஞ்சம் உட்கார்ந்து படியுங்கள்.

அந்த வெறி பிடித்தவன் இஸ்மாயில்தான். அவன் பெயரில் பதிவு செய்யச் சொன்னது நான். லாப்டாப்பில் அவன் விரல் வைத்திருந்தான், பக்கத்தில் உட்கார்ந்து "விடாதே, விடாதே" என்றது நான். என் வளையல்கள் எல்லாம் போனாலும் சரி என்றேன். அவன், "அத்தே, எதிர்ல யாரோ பைத்தியக்காரன் உக்காந்திருக்கான்" என்றான். ஆமாம், பணத் திமிர் என்றேன்.

நேற்று கிருஷ்ணப்பிரியா போன் செய்தது. ஜெயித்தவருடைய விலாசமும் விற்கிற என்னுடைய விலாசமும் ஒன்றாக இருக்கிறதாம். விதிப்படி அந்த ஏலம் செல்லாது. அடுத்தபடியாகக் கேட்டவருக்குக் கொடுக்கலாம் என்று அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் நடுங்கிப்போய், "எனக்கு எதுக்கும்மா ஓவியம், கலியமூர்த்திக்காகத்தான் கேட்டேன்" என்று ஒப்புக்கொண்டாராம். உங்கள் சண்முகசுந்தரத்துக்கு ஒரு பொய் சொல்லத் தெரியவில்லையே. அந்தப் பெண்ணுக்கு எங்களைத் திட்டுவதா, சிரிப்பதா என்று தெரியவில்லை. நான் சிரித்தேன். போனை வைத்த பிறகு அழுதேன். நம் வீட்டுப் படத்தை நாமே மாறி மாறி விலை ஏற்றியிருக்கிறோம், வேண்டாம் என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல இரண்டு பேருக்கும் வாய் வராமல்.

அகல்யாவிடம் சொன்னேன். அப்பா எவ்வளவு வரைக்கும் போனார் என்று கேட்டாள். ஆறு லட்சத்து அறுபது என்றேன். "தூங்குற அகல்யாவுக்கு ஆறு லட்சம் குடுக்குறாரு. முழிச்சிக்கிட்டு இருக்குறவளைப் பாக்க பஸ் ஏற மாட்டேங்கறாரு" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

படத்தை இருபத்தைந்தாம் தேதிக்குள் நுங்கம்பாக்கம் ஆபீசில் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். நான் எடுக்கப் போவதில்லை. நீங்களே எடுத்து இங்கே கொண்டு வாருங்கள். நான் அங்கே திரும்பி வருவேன் என்று இதை வைத்து எண்ணிக்கொள்ள வேண்டாம், இந்தப் பிள்ளையை விட்டு என்னால் வர முடியாது. நீங்கள் வாருங்கள். பி பிளாக், மூன்றாவது மாடி. அகல்யா கதவைத் திறப்பாள், அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

வடிவு


முத்தாபுதுப்பேட்டை,
22.4.2024

அன்புள்ள வடிவுக்கு,

படம் வந்து சேர்ந்திருக்கும். யார் கொண்டு வந்தார்கள் என்று உனக்குத் தெரிந்திருக்காது. நான்தான் வந்தேன்.

வேம்புலி ஆட்டோவில் நுங்கம்பாக்கம் போய்ப் படத்தை வாங்கினேன். வழி முழுக்க மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். குழந்தைக்கு ஒரு கவுன் வாங்கலாம் என்று வேலப்பன்சாவடியில் கடை பார்த்து இறங்கினேன். நாலு வயது என்றேன். கடைக்காரர், ஒல்லியா, பூசினாப்பல இருக்குமா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பேத்தியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்புறமும் அளவு தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? வாங்காமலே வந்துவிட்டேன்.

உங்கள் கேட்டில் வாட்ச்மேன் நோட்டை நீட்டினார். பெயர் எழுதினேன். வீட்டு எண் எழுதினேன். அடுத்த கட்டத்தில் "வீட்டாருக்கு என்ன உறவு" என்று இருந்தது. பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். பின்னால் ஹாரன் அடித்தார்கள். ஐந்து வருடமாக அப்பா என்ற வார்த்தைக்குரிய ஒரு காரியமும் நான் செய்யவில்லை, வடிவு. பிடிவாதம் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். பிடிவாதம் எப்போதோ போய்விட்டது. இது வெட்கம்தான். அவள் கதவைத் திறந்தால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை.

வாட்ச்மேன், "இன்னா சார் யோசிச்சிகினு கீற? சொந்தம்னா இன்னா முறைன்னு போடு. இல்லாங்காட்டி டெலிவரின்னு எழுதிட்டுப் போய்க்கினே இரு" என்றார்.

டெலிவரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். படத்தை அவரிடமே கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

இப்படிக்கு,
கலியமூர்த்தி