நாற்பத்தொன்றாம் நம்பர் சீட்டு

என் கண்ணு நொதெம்பாவுக்கு, அம்மா எழுதுறது. டப்ளின் குளிர் உன்னைப் படுத்தாம இருக்கணும், வேளைக்குச் சாப்பிடணும். நாங்களும் நல்லா இருக்கோம்னு எழுதத்தான் உக்காந்தேன். ஆனா நேத்து ஒண்ணு நடந்துபோச்சு, நீ முதல்ல உக்காந்துட்டுப் படி.

என் வேலைதான் உனக்குத் தெரியுமே. எச்.ஐ.வி. வராம இருக்க தினம் ஒரு மாத்திரைன்னு வயசுப் பொண்ணுங்களுக்குக் குடுக்கிறோம், நல்லாத்தான் வேலை செய்யுது, ஆனா ரெண்டு மாசத்துல விட்டுடுறாளுங்க. ஏன் விடுறாளுங்கன்னுதான் இப்ப ஆராய்ச்சி. கிராமம் கிராமமா கூடாரம் போட்டு, பேரு கேக்காம நம்பர் சீட்டு குடுத்து, நான் மேசையில உக்காந்து காரணம் எழுதுறேன். யாரோட படுக்கிறே, உறை போடுறானா, நாள் தள்ளிப் போச்சான்னு ஊரான் பொண்ணுங்ககிட்ட கூச்சமில்லாம கேப்பேன். எல்லாரும் மாஜோலா அத்தைன்னு என் மேல உசிரு. நம்ம ஜனத்துல அந்தப் பேச்சு அத்தை பேசறதுதானே, பெத்தவ வாயைத் திறந்தா மரியாதை போச்சு. உங்க அத்தை போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆச்சு, உன் தங்கச்சிக்கு யாரு சொல்லுவான்னு நான் ஒரு நாளும் யோசிக்கலை பாரு.

நேத்து நாற்பத்தொண்ணுன்னு கூப்பிட்டேன். வந்து நின்னது நம்ம ஸமிலே, உன் தங்கச்சி! காலேஜுக்குப் போறேன்னு காலையில என் கையால களி வாங்கித் தின்னுட்டுப் போன கழுதை. வேற ஆளைக் கூப்பிடறேன்னு எந்திரிச்சேன். வேணாம், நீங்களே எழுதுங்கன்னு உக்காந்துட்டா.

உன்கிட்ட மறைச்ச ஒண்ணைச் சொல்லிடறேன். மார்ச்சு மாசம் அவ செருப்புப் பெட்டியில அந்த மாத்திரை டப்பாவைப் பார்த்தேன். தினமும் நான் எடுத்துக் குடுக்கிற அதே டப்பா. டவுன் ஆஸ்பத்திரியில எனக்குத் தெரியாம வாங்கியிருக்கா. டிசம்பர்ல அவ இருபத்தொரு வயசுச் சடங்குக்குப் பசு வெட்டி, ஊரைக் கூட்டி, கன்னி கழியாத பொண்ணுன்னு ஈட்டியைக் கையில குடுத்து ஆட வைக்கணும்னு நான் கனவு கண்டுட்டிருக்க, இவளுக்கு ஆளு இருக்கான்! கத்தின கத்துல பக்கத்து வீட்டு நாய் குலைச்சுது. அத்தனையும் கக்கூஸ் குழியில கொட்டினேன். அதோட விஷயம் முடிஞ்சுதுன்னு இருந்துட்டேன். மாத்திரைதான் போச்சு, பையன் போகலை.

தாள்ல கேள்வி இருக்கு, எதனால நிறுத்தினேன்னு. குமட்டலா, மறதியா, பையனுக்குத் தெரிஞ்சிடும்னு பயமான்னு வரிசையா கேட்டேன். எல்லாத்துக்கும் இல்லைன்னு தலையாட்டினா. கடைசியா, வேற காரணம்னா எழுதவும்னு ஒரு கோடு. என்னை நேராப் பார்த்தா, நொதெம்பா. அம்மான்னு எழுதுங்கன்னா. எழுதினேன். என் கையாலேயே எழுதினேன்.

விரல்ல குத்திப் பார்த்தாங்க. கால் மணி நேரம், சாமி, நான் கடிகாரத்தையே பார்த்துட்டிருந்தேன். எச்.ஐ.வி. இல்லைன்னு வந்துச்சு. ஆனா இப்பத்தான் ஒட்டியிருந்தா இதுல தெரியாது, அடுத்த மாசம் பன்னெண்டாம் தேதி மறுபடி பார்த்தாத்தான் நிச்சயம். மாத்திரையை மறுபடி ஆரம்பிச்சாச்சு, அதுவும் என் மேசையிலிருந்துதான்.

அதை முதல்ல வாங்கச் சொன்னதே நீதானாமே! கோபம் வந்துச்சு, இப்ப இல்லை. நீயாவது சொன்னியே, என் தாயி. நீயும் உன் உடம்பைப் பார்த்துக்கோ, எதுவானாலும் எனக்கு எழுது, கத்த மாட்டேன். நம்ம முன்னோர் உன் கூடவே இருக்கட்டும். பன்னெண்டாம் தேதியை மறந்துடாதே, வேண்டிக்கோ. அன்னிக்கு நானும் கூட வரட்டுமான்னு ராத்திரி ஸமிலேகிட்ட கேட்டேன். வாங்க, ஆனா அத்தையா வாங்கன்னா.

உன் அம்மா,
மாஜோலா