கதிரை நேராகப் பார்க்கக் கூடாது

மார்ச் 3, செவ்வாய்

பட்டறைச் சுவரில் இருக்கும் மஞ்சள் பலகையை இன்று முழுதாகப் படித்துவிட்டேன். இத்தனை வருஷமாக அதன் அடியில்தான் துடைப்பத்தைச் சாத்தி வைக்கிறேன். நடுவில் சூரியன் மாதிரி ஒரு படம். வெயிலில் நிற்காதே என்று ஏதோ போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். "லேசர் கதிர். நேராகப் பார்க்கக் கூடாது. தெறித்து வரும் கதிரையும் பார்க்கக் கூடாது. கண்ணாடி கட்டாயம்." கடைசி வார்த்தை வரைக்கும் யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. சத்தமாகவே படித்தேன். தகடு வெட்டும் இரைச்சலில் ஒருவர் காதிலும் விழவில்லை.

அதுவும் நல்லதுதான். எழுபது தாண்டிய ஒருவன் பலகையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தால் என்ன நினைப்பார்கள்?

மார்ச் 4, புதன்

முதியோர் எழுத்தறிவு வகுப்பு டீச்சர் தினமும் கொஞ்சம் எழுதச் சொல்லியிருக்கிறார். எதை எழுதுவது என்று கேட்டேன். "தெரியாதத எழுதுங்க ஐயா. அதுக்குத்தான் பஞ்சமே இல்லையே" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

தெரியாதது: டார்ச்சும் வெளிச்சம், லேசரும் வெளிச்சம். டார்ச் அடித்தால் தகடு ஏன் வெட்டுவதில்லை?

மார்ச் 5, வியாழன்

ஆப்பரேட்டரிடம் கேட்டேன். எனக்கு மகன் வயது அவருக்கு. மெஷினிடம் காட்டும் பொறுமையை மனிதர்களிடம் காட்டமாட்டார். ஆனால் இன்று டீ குடித்துக்கொண்டே சொன்னார்.

"டார்ச் வெளிச்சம் சினிமா விட்டு வர்ற கூட்டம் மாதிரி, பெரியவரே. ஆளுக்கொரு பக்கம் போவான், ஆளுக்கொரு கலர்ல சட்டை. லேசர்னா எல்லாரும் ஒரே கலர் சட்டை, கால் மாறாம ஒரே திசையில அணிவகுப்பு."

"கூட்டத்த அணிவகுப்பா மாத்துறது யாரு?"

"நல்ல கேள்விதான். முதல்ல கரண்டு கொடுத்து அணுவையெல்லாம் உசுப்பி வைக்கணும். உசுப்பி வச்ச அணு பக்கத்துல ஒரு வெளிச்சம் போச்சுன்னா, அச்சு அசலா அதே மாதிரி இன்னொண்ண அது விடும். கூட்டத்துல ஒருத்தன் கைதட்டினா பக்கத்துல இருக்கிறவனும் அதே தாளத்துல தட்டுறான்ல, அப்படி. ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். ரெண்டு பக்கமும் கண்ணாடிய வச்சு முன்னும் பின்னும் ஓட விடுறோம். ஒரு பக்கத்துக் கண்ணாடி மட்டும் கொஞ்சம் வழி விடும். அந்த வழியா வர்றதுதான் கதிர்."

வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து ஒரு தடவை கைதட்டிப் பார்த்தேன். இங்கே அது ஒன்றோடு நின்றுவிடுகிறது.

மார்ச் 8, ஞாயிறு

மகள் போன் செய்தாள். அவள் இருக்கும் நாட்டில் அப்போதுதான் விடிந்திருந்தது. சாப்பிட்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களா, கதவ நல்லா பூட்டுறீங்களா. மூன்றுக்கும் ஆமாம் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. படிக்கக் கற்றுக்கொண்டதை இன்னும் சொல்லவில்லை. அந்தக் கதையை முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

எந்தக் கதை என்று எழுதிவைக்கிறேன். என் மனைவிதான் இந்த வீட்டில் படிக்கத் தெரிந்தவள். சாப்பாடு முடிந்ததும் ஏதாவது ஒரு கதையை உரக்கப் படிப்பாள். கடைசியாகப் படித்தது, ஆற்றில் படகு ஓட்டும் ஒருவனும் அவனோடு பேச்சை நிறுத்திவிட்ட தங்கையும் வருகிற கதை. அண்ணனுக்குக் கட்டைக் குரல், தங்கைக்கு மூக்கால் ஒரு குரல். அவளிடம் ஒரு கெட்ட பழக்கம். எந்தப் புத்தகத்தையும் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவாள். தங்கை பேசுவாளா மாட்டாளா என்று நான் மண்டையை உடைத்துக்கொள்வேன். அவளோ, "நான் பாத்துட்டேன். சொல்ல மாட்டேன்" என்று முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொள்வாள்.

மருத்துவமனைக் கட்டிலில் கேட்டேன், முடிவை மட்டும் சொல்லேன் என்று. "வீட்டுக்கு வந்து படிச்சுக் காட்டுறேன், அவசரப்படாதீங்க" என்றாள். வரவில்லை.

அவள் மடித்துவைத்த பக்கத்திலிருந்து நானே எழுத்துக்கூட்டிக்கூட்டி வந்து, இப்போது கடைசி அத்தியாயத்தின் வாசலில் நிற்கிறேன்.

மார்ச் 10, செவ்வாய்

எழுத்து மங்குகிறது. நேற்று விளக்குதான் சரியில்லை என்று நினைத்தேன். இன்று வெயிலில் போய் நின்று பார்த்தேன். பால் ஆடைக்குப் பின்னால் எழுத்து இருப்பது போல் இருக்கிறது. இடது கண்ணில் சின்ன வயதிலேயே பார்வை போய்விட்டது. இருப்பது ஒன்றுதான். அதற்கும் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் புரை எடுத்து லென்ஸ் வைத்தார்கள்.

ஒருவேளை நான் அதிகமாகப் படித்துத் தேய்த்துவிட்டேனோ?

மார்ச் 11, புதன்

இன்று ஒரு வேடிக்கை. தகட்டின் ஒரு மூலை வளைந்து கீழே தொங்கியிருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. நடுவில் வெண்ணெய் மாதிரி வெட்டிக்கொண்டு போன மெஷின் அந்த மூலைக்கு வந்ததும் வெறுமனே கறுப்பாகக் கோடு இழுத்துவிட்டுப் போனது. ஆப்பரேட்டர் தலையில் அடித்துக்கொண்டார். "குவியிற இடத்துலதான் வெட்டும், பெரியவரே. ஒரு விரக்கட தாழ்ந்தாலும் வெளிச்சம் விரிஞ்சு போயிடும். அப்புறம் சுடத்தான் செய்யும், வெட்டாது."

ஒரு விரல் தாழ்வுதான்! கதிரின் வீராப்பு அவ்வளவுதானா என்று ஆச்சரியமாக இருந்தது.

மார்ச் 12, வியாழன்

எழுத்தைப் பெரிதாக எழுதினால் தெரிகிறது. ஒரு வரிக்கு மூன்று கோடு பிடிக்கிறது. நோட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும்.

கேட்டுத் தெரிந்துகொண்டவை. எங்கள் பட்டறையில் இரண்டு மெஷின். பழையதில் கண்ணாடிக் குழாய், அதற்குள் வாயு. அது மரம், தோல், அக்ரிலிக் எல்லாவற்றையும் வெட்டும். இரும்புத் தகட்டின் முன்னால் மட்டும் அது பூனை, வெட்டாது. தகட்டுக்கு ஃபைபர் மெஷின். அதில் மயிரிழை போன்ற கண்ணாடி நூலுக்குள்ளேயே வெளிச்சம் வளர்கிறது. இரண்டின் கதிரும் கண்ணுக்குத் தெரியாது. தகட்டின் மேல் ஓடும் சிவப்புப் புள்ளி சும்மா வழிகாட்டி. இதுநாள் வரை அந்தப் புள்ளிதான் வெட்டுகிறது என்று மரியாதையாக ஒதுங்கி நின்றேன்!

கடையில் விலை பார்க்கும் சிவப்புக் கோடும் லேசரா என்று கேட்டேன். "பல கடையில ஆமா. எள்ளு சைஸுல ஒரு சில்லுலேருந்து வர்றது" என்றார். எள்ளிலிருந்தா!

பழைய மெஷினுக்கு நிறமில்லாத கண்ணாடி போதும். ஃபைபருக்குப் பச்சைக் கண்ணாடி. எங்கள் மெஷினுக்கு மூடி கிடையாது, அதனால் பச்சைக் கண்ணாடி போடாமல் யாரும் கிட்டே போகக் கூடாது. ஒருவர் போட்டதை இன்னொருவர் எடுத்தால் ஆப்பரேட்டர் கடித்துக் குதறிவிடுவார்.

மார்ச் 14, சனி

கண் மருத்துவமனை. டாக்டரம்மா பார்த்தார். படித்ததால் இல்லையாம். வைத்த லென்ஸுக்குப் பின்னால் ஒரு மெல்லிய சவ்வு உண்டு, சிலருக்கு அது பின்னாளில் மங்கிவிடுமாம். "பயப்படாதீங்க ஐயா, கத்தி இல்ல, ஊசி இல்ல. லேசர்ல அஞ்சு நிமிஷம்" என்றார்.

அதற்கப்புறம் அவர் சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

சாப்பிட்டேன்மா. போட்டேன்மா. பூட்டினேன்மா.

மார்ச் 17, செவ்வாய்

ஆப்பரேட்டரிடம் சொன்னேன். "அது வேற லேசர் பெரியவரே, இது வேற" என்றார். என்ன வேறு? "அதெல்லாம் டாக்டர் சமாச்சாரம், எனக்கென்ன தெரியும்." அவருக்கே தெரியவில்லை என்றால் நான் எந்த தைரியத்தில் போய் உட்காருவது? சோறு போடும் தட்டு கனமுள்ள இரும்பை அது துண்டாக்குவதைத் தினமும் பார்க்கிறேன். என் கண் இரும்பா?

போகாவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. நடக்கலாம், பெருக்கலாம், சோறு வடிக்கலாம். படிக்க மட்டும் முடியாது. முன்பும் அப்படித்தானே இருந்தேன். ஆனால் முன்பு இந்த வீட்டில் ஒரு குரல் இருந்தது. அப்புறம் என் குரல் இருந்தது, திக்கித் திக்கி. இனி அதுவும் இருக்காதா?

கடைசிப் பக்கத்தை மட்டும் யாரையாவது படித்துக் காட்டச் சொல்லலாம். யாரை?

மார்ச் 19, வியாழன்

நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். லீவு சொல்லியாயிற்று.

சாயங்காலம் பட்டறையைப் பெருக்கும்போது ஆணியில் தொங்கிய ஆப்பரேட்டரின் பச்சைக் கண்ணாடியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். திருட்டு இல்லை. நாளை மறுநாள் அதே ஆணியில் மாட்டிவிடுவேன்.

மார்ச் 21, சனி

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன்.

நர்ஸ் முதலில் கேட்டது, "கூட யாரு வந்திருக்கா?" வருவார்கள் என்று சொன்னேன். சொட்டு மருந்து விட்டார்கள். பார்வை இன்னும் கலங்கியது. கூப்பிட்டதும் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

டாக்டரம்மா என்னையே பார்த்தார். "ஐயா, இது என்ன?"

"கண்ணாடிங்க."

"அது தெரியுது. எதுக்கு?"

"எங்க பட்டறையில லேசர் இருக்குங்க. இது போடாம பக்கத்துல நிக்கக் கூடாது. நேரா பார்க்கக் கூடாதுன்னு பலகையே இருக்கு. நானே படிச்சேன்."

கண்ணாடியை வாங்கி ஓரத்தில் இருந்த எண்ணைப் பார்த்தார். சிரித்துவிட்டார். "சரியானதத்தான் தூக்கிட்டு வந்திருக்கீங்க. இத போட்டிருந்தா என் லேசர் உங்க கண்ணுக்குள்ளயே போகாது. உங்க பட்டறை வெளிச்சமும் என் வெளிச்சமும் அக்கா தங்கச்சி."

வேற வேற என்றாரே அந்த ஆள்! எழுந்து போய்விடலாமா என்று நாற்காலிக் கையைப் பிடித்தேன்.

டாக்டரம்மா அவசரப்படுத்தவில்லை. "அங்க நூலு, இங்க ஒரு படிகம். அங்க விடாம கொட்டுது. இங்க கண் சிமிட்டுற நேரத்துல கோடியில ஒரு பங்குகூட இல்ல, அதுக்குள்ள முடிஞ்சிடும். ஒரு சொட்டுத் தண்ணியக்கூட அது சுட வைக்காது."

"அப்ப சவ்வு மட்டும் எப்படிங்க கிழியும்?"

"எல்லா வெளிச்சமும் ஒரு ஊசிமுனையில வந்து குவியுது. அங்க மட்டும் ஒரு பொறி. அதத் தாண்டினா விரிஞ்சு போயிடும்."

வளைந்த தகடு ஞாபகம் வந்தது. ஒரு விரல் தாழ்ந்த மூலை, வெட்டாமல் போன கறுப்புக் கோடு. யார் சொல்லியும் அல்ல, என் கண்ணாலேயே பார்த்தது. கண்ணுக்குள் ஒரு விரல் இடம் இருக்குமா என்று கேட்டேன். "இருக்கு ஐயா. உங்களுக்கு ஒரு கண்ணுன்னு எனக்கும் தெரியும்" என்றார்.

நாற்காலிக் கையை விட்டேன்.

தாடையை ஒரு தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டவைத்தார்கள். நேராகப் பாருங்கள், அசையாதீர்கள் என்றார். பலகை என்ன சொல்கிறது, இவர் என்ன சொல்கிறார்! நேராகப் பார்த்தேன். சிவப்பாக ஏதோ மினுங்கியது. உன்னைத் தெரியும், நீ சும்மா வழிகாட்டி என்று மனதுக்குள் சொன்னேன். அப்புறம் டிக், டிக் என்று சின்னச் சத்தம், யாரோ நகம் வெட்டுவது போல. வலி இல்லை. மூச்சைக்கூட அளந்து விட்டேன். முடிந்தது என்றார்கள்.

வெளியே வந்தால் ஆப்பரேட்டர் கொந்தளித்துக்கொண்டு நிற்கிறார். எல்லாம் கலங்கலாகத் தெரிந்தாலும் அந்தக் குரல் தப்பாது.

"கண்ணாடிய எங்க வச்சீங்க? காலையிலேருந்து மெஷின் நிக்குது! உங்க மேலதான் சந்தேகம்னு நேரா இங்க வர்றேன்!"

பையைத் திறந்து நீட்டினேன். எதற்கு எடுத்தேன் என்றும் சொன்னேன். கண்ணாடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நர்ஸ் எட்டிப் பார்த்து, "இவருகூட வந்தவர் நீங்கதானே? கண்ணு கூசும், பார்த்துக் கூட்டிட்டுப் போங்க" என்றார். கண் அழுத்தம் பார்த்துவிட்டு அனுப்பும்வரை ஆப்பரேட்டர் உட்கார்ந்திருந்தார். அப்புறம் என் முழங்கையைப் பிடித்து வீடு வரை கொண்டுவந்து விட்டார். வழி நெடுகத் திட்டிக்கொண்டேதான். கையை மட்டும் விடவில்லை.

கட்டில் மேல் கிடந்த புத்தகத்தைப் பார்த்து, என்ன கதை என்று கேட்டார். சொன்னேன். "அப்ப தங்கச்சி பேசுவாளா இல்லையா?" என்றார். தெரியாது என்றேன்.

மார்ச் 22, ஞாயிறு

கண்ணில் சின்னச் சின்னப் புழுதி மிதக்கிறது. போய்விடும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

வீடு இவ்வளவு அழுக்காகவா இருந்தது! பரணில் ஒட்டடை, சன்னல் கம்பியில் துரு. அவள் சீப்பில் இன்னும் ஒரு நரைமுடி இருக்கிறது. அதை அப்படியே வைத்தேன்.

மகளிடம் மூன்று ஆமாமுக்குப் பிறகு, "ஒரு நிமிஷம் இரும்மா" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு பத்தி படித்தேன். அண்ணனுக்குக் கட்டைக் குரல் வைத்தேன். பத்தி முடிந்ததும் நிறுத்தினேன். "இன்னும் கொஞ்சம் படிங்கப்பா" என்றாள். வேலைக்கு நேரமாகவில்லையா என்று கேட்டேன். நேரமானால் ஆகட்டும் என்றாள்.

மார்ச் 25, புதன்

முடித்தேன்.

இதைத் தெரிந்துகொண்டா அத்தனை நாளும் முகத்தைக் கல் மாதிரி வைத்திருந்தாள்! அந்த மூக்குக் குரலுக்கு நடுவில் அவ்வப்போது தொண்டையைக் கனைத்துக்கொள்வாளே, அது எதனால் என்று இப்போது தெரிகிறது. விளக்கை அணைக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவளுடைய பாக்கி என்று இனி இந்த வீட்டில் எதுவும் இல்லை.

மார்ச் 27, வெள்ளி

இன்று இந்த வரியையெல்லாம் ஒரு கோட்டுக்குள்ளேயே எழுதுகிறேன். நோட்டு இன்னும் வெகுநாள் வரும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆப்பரேட்டர் தட்டோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். புத்தகத்தைப் பையில் வைத்திருந்தேன். முதல் பக்கத்திலிருந்து படித்துக் காட்டினேன். சோறு ஆறும்வரை கேட்டுவிட்டு, "முழுசா படிச்சு முடிச்சாச்சுல்ல பெரியவரே? தங்கச்சி பேசினாளா?" என்றார்.

முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டேன்.

"நான் பாத்துட்டேன். சொல்ல மாட்டேன்."